டிராகனாகப் பிறக்காத பெண்களுக்கு

எந்தச் சாகசக் கதையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது கட்டுச்சோற்றைத்தான். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். தோளில் மூட்டை இருக்கிறது. மூட்டைக்குள் சோறோ ரொட்டியோ இருக்கிறது. அதை யார் ஆக்கிக் கட்டிக் கொடுத்தார்கள்? அவன் சட்டைக் கிழிசலை யார் தைத்தார்கள்? அவன் பத்துத் தீவுகளைத் தாண்டி, டிராகனைப் பேச்சில் மடக்கி, தன் நிழலோடு மல்லுக்கட்டித் திரும்பும்வரை வீட்டு ஆடுகளுக்கு யார் தழை ஒடித்துப் போட்டார்கள்? இப்படிக் கேட்டால், 'சின்னப் பிள்ளைகள் கதையில் போய் இதையெல்லாம் கேட்பதா?' என்கிறார்கள். அங்கேதான் கேட்க வேண்டும். யார் போகலாம், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை ஒரு சிறுமிக்கு எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை. அதைக் கதைதான் சொல்லித் தருகிறது. அதுவும் அவள் மிகவும் விரும்பிப் படிக்கும் கதை.

இளையோருக்கான ஆங்கில ஃபேன்டஸி இலக்கியம் பெரும்பாலும் இந்தத் தேடல் பயணத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937இல் வந்தது. பதிமூன்று குள்ளர்கள், ஒரு மந்திரவாதி, ஒரு ஹாபிட், ஒரு டிராகன். இத்தனை பேர் மலையேறி இறங்கும் கதையில் நடமாடும் பெண் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. நாயகனுடைய அம்மாவின் பெயர் வருகிறது, அவ்வளவுதான். பின்னால் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் எயோவின் என்பவள் ஆண் வேடமிட்டுப் போர்க்களம் போகிறாள். எந்த ஆணாலும் வீழ்த்த முடியாதவனை வீழ்த்துகிறாள். பிறகு வாளைக் கீழே வைத்துவிட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் கடைசி நூல் 1956இல் வெளியானது. முதல் கதையில் நார்னியாவுக்குப் போன நான்கு பிள்ளைகளில் சூசனுக்கு மட்டும் அந்த உலகத்தில் கடைசியாக இடமில்லாமல் போகிறது. அவள் மேல் சுமத்தப்பட்ட குற்றம், உதட்டுச் சாயத்திலும் நைலான் காலுறையிலும் விருந்து அழைப்புகளிலும் நாட்டம் கொண்டது. அதாவது வளர்ந்தது, பெண்ணாக வளர்ந்தது.

உலகப் புராணங்களை எல்லாம் அலசி, நாயகனின் பயணத்துக்கு ஒரு படிவரிசை வகுத்தார் ஜோசப் காம்பெல். அவர் நூல் 1949இல் வந்தது. அந்த வரிசையில் பெண்ணுக்கென்று ஒதுக்கிய படிகள் உண்டு: நாயகன் சந்திக்கும் தேவி, நாயகனை வழிதவறச் செய்யும் மோகினி. இரண்டும் அவன் போகிற வழியில் வரும் ஊர்கள். ஊர் நடக்காது, அவன்தான் நடப்பான்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பொருள் தேடிப் பிரிவது தலைவனுக்கு. முல்லையில் இருத்தல் தலைவிக்கு. இருப்பதையே உரிப்பொருளாக விதித்த இலக்கணம் நம்முடையது. பெண்ணோடு முந்நீர் வழக்கம் இல்லை என்று பொருள்படும் நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் இருக்கிறது. முந்நீர் என்பது கடலா, அல்லது பிரிவுக்குரிய மூன்று காரணங்களா என்று உரைகாரர்கள் வேறுபடுகிறார்கள். எந்த உரையை ஏற்றாலும் அவள் கரையில்தான் நிற்கிறாள்.

கடலும் தீவுகளும் மட்டுமே ஆன ஓர் உலகத்தை ஒரு பெண் எழுதியபோதாவது பெண்கள் படகேறினார்களா? அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா கே. லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசையை நான் எடுத்துக்கொள்வது இந்தக் கேள்விக்காகத்தான். மோசமான நூலை அடிப்பது எளிது, அதனால் யாருக்கும் பயனில்லை. நான் எடுத்துக்கொள்வது நல்ல நூலை. நான் நேசிக்கும் எழுத்தாளரை.

*

பார்னசஸ் என்ற சிறு பதிப்பகம் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நாவல் கேட்டது. லெ குவின் எழுதிக் கொடுத்த 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968இல் வெளியானது. கோன்ட் தீவில் ஆடு மேய்த்துத் திரிந்த கெட் என்ற பையன், ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளியில் சேர்கிறான். சக மாணவனோடு வீம்புக்கு நின்று ஒரு நிழலை உலகத்துக்குள் அவிழ்த்துவிடுகிறான். அந்த நிழல் அவனைத் துரத்துகிறது. பிறகு அவன் அதைத் துரத்துகிறான். கடைசியில் அதற்குத் தன் பெயரையே சூட்டித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். எதிரியைக் கொன்று முடிக்காத வீரகதை அது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிச்சல்.

இன்னொரு துணிச்சலும் உண்டு. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் நண்பன் வெட்ச் கருப்பன். வெள்ளைத்தோல் கொண்ட கார்காட் மக்கள்தான் அங்கே படையெடுத்து வரும் முரடர்கள். அமெரிக்காவில் 1968இல் ஒரு வெள்ளைக்காரப் பெண் வெள்ளையரல்லாத நாயகனை இளையோர் கைகளில் கொடுத்தார். பல பதிப்புகளின் அட்டைகள் அவனை வெளுப்பாக்கின. 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரும் வெளுப்பாக்கியது. லெ குவின் அதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார்.

நிறத்தின் படிநிலையை இவ்வளவு தெளிவாகக் கலைத்த அதே கை, அதே நூலில் பாலினத்தின் படிநிலையைத் தொடாமல் விட்டுவிட்டது. ஓர் ஒடுக்குமுறையைப் பார்க்கும் கண்ணுக்கு இன்னொன்று தானாகத் தெரிந்துவிடும் என்று நம்புவோருக்கு எர்த்ஸீ நல்ல பாடம். மேடையில் சாதியை உரித்துக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் சொம்புக்காகக் கையை நீட்டும் முற்போக்காளர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

முதல் நாவலில் உள்ள பெண்களை எண்ணிப் பாருங்கள். கெட்டின் அம்மா கதை தொடங்குமுன்பே செத்துப்போகிறாள். அவள் அக்காதங்கை ஒருத்தி கிராமத்துச் சூனியக்காரி. முதல் மந்திரச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுத்ததும் கதை அவளை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ரே ஆல்பி பிரபுவின் மகள் செரெட் அவனைச் சீண்டித் தப்பு வழிக்குத் தள்ளுகிறாள். பிறகு ஒரு கோட்டையில் மறுபடி தோன்றி ஆசை காட்டுகிறாள். காம்பெல் சொன்ன மோகினி இவள்தான். பள்ளியில் இரண்டு பையன்கள் போட்டி போட்டபோது, தன் வல்லமையைக் காட்டக் கெட் எழுப்புவது எல்ஃபாரன் என்ற செத்துப்போன அழகியை. ஆண்களின் பந்தயத்துக்குப் பிணமாகவும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. மணல்திட்டில் தனித்து வாடும் கிழவி ஒருத்தி, தன்னிடமிருந்த உடைந்த மோதிரத் துண்டை அவன் கையில் கொடுக்கிறாள். அவன் வாங்கிக்கொண்டு போகிறான். வெட்சின் தங்கை அடுப்படியில் பணியாரம் சுடுகிறாள், ஆசையாகக் கேள்வி கேட்கிறாள், கரையில் நிற்கிறாள். அவள் பெயர் யாரோ. தமிழில் எழுதும்போது தானாகவே 'யாரோ ஒருத்தி' ஆகிவிடும் பெயர்.

செத்தவள், விடப்பட்டவள், மயக்குபவள், கொடுப்பவள், சமைப்பவள். நாயகன் ஒருவன் உருவாக இத்தனை பெண்கள் தேவைப்பட்டார்கள். பயணம் போக ஒருத்திகூடத் தேவைப்படவில்லை.

*

மந்திரம் என்ற ஒரே வேலைக்கு எர்த்ஸீயில் இரண்டு பெயர்கள். ரோக் பள்ளியில் படித்துக் கோல் வாங்கி வருபவன் மந்திரவாதி. ஊரில் பிரசவம் பார்த்து, மாட்டுக்கு மருந்து போட்டு, காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவள் சூனியக்காரி. பள்ளியில் பெண்களுக்கு இடம் கிடையாது. பெண்ணின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று கோன்ட் தீவில் சொலவடையே உண்டு. முதல் நாவல் அந்தச் சொலவடையைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறது. யாரும் மறுப்பதில்லை. மறுக்காமல் விட்டால் சொலவடை, இயற்கை விதி மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

நம் ஊரிலும் வைத்தியர் என்றால் ஒரு மரியாதை, மருத்துவச்சி என்றால் வேறு மரியாதை. அறிவு எந்த உடம்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதற்குப் பெயர் வைக்கிறார்கள். பட்டம் தரும் இடத்துக்குள் அவளை விடாமல் பூட்டிவிட்டு, 'அவளிடம் பட்டம் இல்லையே, அது வெறும் கைப்பழக்கம்' என்பது பழைய தந்திரம்.

இரண்டாவது நாவல் 'தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்' 1971இல் புத்தகமாக வந்தது. இந்த முறை நடுவில் இருப்பவள் ஒரு பெண். டெனார் ஐந்து வயதில் வீட்டிலிருந்து கொண்டுபோகப்படுகிறாள். செத்துப்போன தலைமைப் பூசாரியின் மறுபிறப்பு அவள் என்று முடிவு செய்கிறார்கள். பெயர் எடுக்கப்படுகிறது. அர்ஹா என்று கூப்பிடுகிறார்கள்; தின்னப்பட்டவள் என்று பொருள். பெண்களும் சிறுமிகளும் காயடிக்கப்பட்ட காவலர்களும் மட்டுமே வாழும் பாலைவனக் கோயில். அதன் அடியில் விளக்கேற்றக் கூடாத இருள். அந்த இருளுக்கு அவள் அரசி. அரசிக்குக் கொடுக்கப்பட்ட முதல் அதிகாரம், கைதிகள் எப்படிச் சாக வேண்டும் என்று முடிவு செய்வது. பட்டினியும் தாகமுமாகச் சாகட்டும் என்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன.

இளையோருக்கான கதைகளில் பெண் அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டவை குறைவு. பட்டுத்துணி போர்த்தி, காலில் விழுந்து, 'நீதான் தெய்வம்' என்று சொல்லி ஒரு பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டலாம். கோயிலில் இருப்பவர்கள் எல்லாரும் பெண்களாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கைதிகளை அனுப்பி வைத்தவன் தலைநகரத்தில் இருக்கும் கடவுள்-அரசன். பெண் கையில் சாவி இருக்கிறது, பூட்டு யாருடையது என்று கேளுங்கள் என்கிறது நாவல். குடும்பத்தில் மாமியாரின் அதிகாரத்தைப் புரிந்துகொள்ளவும் இந்தக் கேள்வி உதவும்.

அந்த இருளுக்குள் கெட் வருகிறான், உடைந்த மோதிரத்தின் மறுபாதியைத் தேடி. அவள் அவனைச் சிக்கவைக்கிறாள். அவனைக் கொல்வதா விடுவதா என்று அவள்தான் முடிவெடுக்கிறாள். அவள் தண்ணீர் கொடுத்ததால் அவன் பிழைக்கிறான். அவன் அவளுடைய சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுத்ததால் அவள் வெளியே வருகிறாள். ஒருவரில்லாமல் மற்றவர் தப்பியிருக்க முடியாது. ஆனாலும் இது உடன்போக்குதான். நம் தலைவியும் பாலையைக் கடக்கிறாள், ஒருவன் துணையோடு மட்டும். டெனார் அவனைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது இதை நம் மரபிலிருந்து விலக்குகிறது. அவளாகவே வாசலைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று ஆசிரியருக்கு அப்போது தோன்றவில்லை என்பது இதை நம் மரபோடு சேர்க்கிறது.

மோதிரம் ஹாவ்னார் நகரத்துக்கு வந்து சேர்ந்ததும் நாவல் முடிகிறது. அடுத்த நாவல் 1972இல் வந்தது. அதில் பயணம் போவது கெட்டும் ஓர் இளவரசனும். டெனார் என்ன ஆனாள்? பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

*

அதற்குப் பதிலாக 1990இல் வந்த நாவல் 'டெஹானு'. டெனார் இப்போது நடுவயது விதவை. பண்ணைக்காரன் ஒருவனைக் கட்டி, இரண்டு பிள்ளைகள் பெற்று வளர்த்திருக்கிறாள். மந்திரம் படிக்க அவளுக்கு வாய்ப்புக் கிடைத்தது. கெட்டின் குருவான ஓகியானே சொல்லிக்கொடுத்தார். பாதியில் விட்டுவிட்டாள். கெட் தன் வல்லமை முழுவதையும் செலவழித்துவிட்டு, வெறும் ஆளாக அவள் வாசலுக்கு வந்து சேர்கிறான். நடுவில் தெர்ரு என்ற சிறுமி. பெற்றவனும் கூட்டாளிகளும் அவளைச் சிதைத்து, தீயில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். முகத்தில் பாதி வெந்துபோயிருக்கிறது. ஒரு கண் போயிற்று. ஒரு கை சுருங்கிவிட்டது.

இந்த நாவல் வந்தபோது எழுந்த முனகல் இன்னும் ஓயவில்லை. 'எர்த்ஸீயைக் கெடுத்துவிட்டார்', 'பெண்ணியம் பேசக் கதையைப் பலி கொடுத்துவிட்டார்', 'டிராகன் எங்கே, பயணம் எங்கே, ஒரே பாத்திரம் கழுவலாக இருக்கிறது', 'இது பிள்ளைகள் படிக்கிற விஷயமா?'

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பிள்ளைகள் படிக்கக் கூடாதாம். தெர்ருவுக்கு வயது ஆறோ ஏழோ. அது நடப்பதற்கு அவள் வயது போதும், அதைப் படிப்பதற்கு மட்டும் வயது போதாதா? முதல் நாவலில் நிழல் ஒரு மாணவன் முகத்தைக் கிழிக்கிறது, ஒரு முதிய மந்திரவாதி உயிரை விடுகிறார். அதற்கெல்லாம் யாரும் வயது கேட்கவில்லை. கொடுமை மாயநிழலாக வந்தால் சாகசம், அப்பாவாக வந்தால் ஆபாசம். இந்தத் தணிக்கை பிள்ளைகளைக் காப்பாற்றுவதில்லை. வீடுகளைக் காப்பாற்றுகிறது. தனக்கு நடந்ததற்குச் சொல் தெரியாமல் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு, அந்தச் சொல் இருக்கும் புத்தகத்தை எட்டாத உயரத்தில் வைப்பது இன்னொரு வகை வாயடைப்பு.

பாத்திரம் கழுவலாம். டெனாரின் மகன் கடலிலிருந்து திரும்புகிறான். பல வருடம் அவள் பாடுபட்ட பண்ணை, ஆண் வாரிசு என்பதால் அவனுக்குப் போகிறது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கச் சொன்னால், அது பெண்களின் வேலை என்கிறான். ஒருகாலத்தில் எர்த்ஸீயின் தலைமை மந்திரவாதியாக இருந்த கெட் எழுந்து அந்த வேலையைச் செய்கிறான். டிராகனோடு பேசிய வாய் உள்ளவன், தட்டுக் கழுவுவதைத் தாழ்வாக நினைக்கவில்லை. முதல் நாவலின் கட்டுச்சோற்றுக் கணக்கு இங்கேதான் திறக்கப்படுகிறது. இதில் சாகசம் இல்லை என்று சொல்பவர், தன் வீட்டில் ஒருநாள் அந்தத் தட்டை எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

கதையைக் கெடுத்துவிட்டாராம். ஓகியான் சாகும்போது தன் உண்மைப் பெயரை டெனாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவரை எங்கே புதைப்பது என்று வழக்காட வந்த மந்திரவாதிகளுக்கு அவள் வார்த்தை காதில் ஏறுவதில்லை. ரோக் ஆசிரியர்களுக்கு அடுத்த தலைவர் கிடைக்கவில்லை. கோன்ட் தீவில் ஒரு பெண் என்று ஒரு குறிப்பு மட்டும் வருகிறது. அந்தப் பெண் நம்மை எந்த ஆணிடம் கூட்டிப்போவாள் என்று யோசிக்கிறார்களே தவிர, அந்தப் பெண்ணையே யோசிக்க அவர்களால் முடியவில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் படித்தபின் திரும்பிப் போய் முதல் நாவலைப் படித்தால், அதன் பெருமைமிக்க மௌனங்கள் எல்லாம் பேசத் தொடங்கிவிடுகின்றன. கெட்டுப்போனது கதை அல்ல. கதையின் மேல் நாம் போட்டிருந்த தூக்கம்.

1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் லெ குவின் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். வீரகதை மரபு ஆணுடைய மரபு என்றும், தானும் தொடக்கத்தில் அந்த மரபுக்குள் நின்றே எழுதியதாகவும் சொன்னார். அதற்கு முன்பு 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், கதை என்பதை ஈட்டியாக நினைக்காமல் பையாக நினைத்துப் பார்க்கலாம் என்றார். குத்திச் சாய்த்த யானையைப் பற்றிய கதை சுவாரசியம்தான். ஆனால் அன்றாடம் வயிற்றை நிரப்பியவை பொறுக்கிச் சேர்த்த தானியமும் கிழங்கும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு பை. நம் பாட்டிகளின் மடி, சுருக்குப்பை, ஓலைப்பெட்டி இவற்றில் எத்தனை கதைகள் இருந்தன என்று நமக்குத் தெரியும். ஈட்டிக்குத்தான் காவியம் எழுதினார்கள்.

*

2001இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' தொகுப்பின் முதல் நெடுங்கதை எனக்கு மிக முக்கியமானது. ரோக் பள்ளி எப்படித் தோன்றியது என்று அது சொல்கிறது. கொடுங்கோலர்களிடமிருந்து அறிவைக் காப்பாற்ற இரகசியமாக ஒன்றுகூடியவர்களில் பெண்கள் முன்னால் இருந்தார்கள். பள்ளியை நிறுவியவர்களும் பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்த கூட்டம். பிறகு வந்த முதல் தலைமை மந்திரவாதிதான் பெண்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். சில தலைமுறைகள் போயின. 'எப்போதும் இப்படித்தான்' என்று ஆகிவிட்டது.

மரபு என்ற சொல்லை யாராவது உரக்கச் சொல்லும்போது, கதவு எந்த வருடம் சாத்தப்பட்டது என்று கேளுங்கள். சாத்தியவன் பெயர் என்ன என்று கேளுங்கள். ஃபேன்டஸி நாவல் ஒன்று பெண் வரலாற்றெழுத்தின் அடிப்படைப் பாடத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தருவது எனக்கு வியப்பு.

இங்கேதான் லெ குவினோடு எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது.

'டெஹானு'வின் முடிவில் எரிந்த சிறுமி கலெசின் என்ற பெரும் டிராகனைக் கூப்பிடுகிறாள், அது வருகிறது. அவள் டிராகன் இனத்தின் மகள் என்று தெரியவருகிறது. அதே 2001 தொகுப்பின் கடைசிக் கதையில் இரியன் என்ற பெண் ரோக் பள்ளியின் கதவைத் தட்டுகிறாள். அவளை உள்ளே விடுவதா என்று ஆசிரியர்கள் பிளவுபடுகிறார்கள். இறுதியில் அவளும் டிராகனாகிப் பறந்துவிடுகிறாள். அதே ஆண்டு வந்த 'தி அதர் விண்ட்' நாவலில் டெஹானுவும் சிறகு விரித்துப் போய்விடுகிறாள். டெனார் ஊருக்குத் திரும்புகிறாள். அங்கே ஆடுகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பவன் கெட். இருத்தல் கடைசியாக ஆணுக்கு உரிப்பொருள் ஆகிறது. அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்த இரண்டு பெண்கள்? கதவைத் தட்டியவளும் தீயிலிருந்து மீண்டவளும் மனுஷிகளே இல்லை என்று ஆகிவிட்டதே. டிராகன் என்பது விடுதலைக்கு உருவகம், அடக்க முடியாத காட்டுத்தன்மைக்கு உருவகம் என்பார்கள். எனக்கும் உருவகம் புரியும். கவிதை எழுதுகிறவள் நான். ஆனால் உருவகத்துக்கும் ஒரு விலை உண்டு. டிராகனின் மகள் என்று தெரிந்ததும் படிக்கிறவருக்கு ஓர் ஆறுதல் வருகிறது: 'அதனால்தான் இவள் தீயில் சாகவில்லை.' அப்படியானால், எரிக்கப்பட்டும் டிராகனாகப் பிறக்காத சிறுமிக்கு என்ன பதில்? அவளுக்குச் சிறகு முளைக்காது. அவள் அதே ஊரில், அதே தெருவில், அந்த முகத்தோடு கடைக்குப் போய் உப்பு வாங்கி வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

கதவு சாத்தப்பட்டபின் ரோக் பள்ளியில் ஒரு பெண் சேர்ந்து, சாதாரண மாணவியாகப் பாடம் படித்து, ஒரு பாடத்தில் தோற்று, மறுபடி எழுதி, கோலோடு வெளியே வரும் கதையை லெ குவின் எழுதவில்லை. அவர் சொல்லக்கூடிய காரணத்தை ஊகிக்கலாம்: அந்தப் பள்ளி, அந்தக் கோல், அந்த அதிகாரம் எல்லாமே கோணலானவை, அவற்றில் பங்கு கேட்பதால் என்ன பயன்? உயர்ந்த வாதம். ஆனால் உள்ளே ஒருமுறை போய்விட்டு வந்தவர்கள்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று நிம்மதியாகச் சொல்ல முடியும். வெளியே நிற்பவளுக்கு முதலில் கதவு திறக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அவள் சொல்லட்டும்.

விதிவிலக்கான பெண்ணுக்கு ஆணாதிக்கம் எப்போதும் இடம் கொடுத்திருக்கிறது. தெய்வமா, வா. ராணியா, வா. மேதையா, அபூர்வப் பிறவியா, வா. சுமாராகப் படிக்கிற, சுமாராகப் பாடுகிற, கோபம் வருகிற, தப்பு செய்கிற பெண்ணுக்குத்தான் இடமில்லை. கெட் தொடக்கத்தில் யார்? கர்வம் பிடித்த பையன். அவன் வீம்பால் ஒருவர் உயிர் போயிற்று. அவனுக்கு மறுவாய்ப்புக் கிடைத்தது. ஒரு நாவல் முழுவதும் கிடைத்தது. தப்பு செய்துவிட்டு வளர்வதற்கான இடம்தான் சாகசக் கதை ஆணுக்குக் கொடுத்த பெரிய சொத்து. வாளையும் டிராகனையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பெண்களுக்கு நான் கேட்பது அந்தச் சொத்தில் பங்கு.

அதனால்தான், பெண் கையில் ஒரு வாளைக் கொடுத்து அட்டையில் நிறுத்திவிட்டு 'எங்கள் நாயகி வலிமையானவள்' என்று விற்கப்படும் புத்தகங்களைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. அவள் முன்னூறு பேரை வெட்டுகிறாள். அவளுக்கு மாதவிலக்கு வருவதில்லை, காய்ச்சலில் கிடக்கும் அம்மா இல்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இல்லை. ஆணின் கதையில் பெயரை மட்டும் மாற்றி எழுதிய பெண் அவள். அவள் கட்டுச்சோற்றையும் வேறு ஒருத்திதான் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒருத்திக்கு இன்னும் பெயர் இல்லை.

*

படைப்பிலக்கியத் தாளுக்காக மாணவிகளை ஒரு பயணக் கதை எழுதச் சொன்னால், பெரும்பாலும் முதல் பக்கம் முழுவதும் அனுமதி வாங்குவதிலேயே போய்விடுகிறது. அப்பாவிடம் யார் சொல்வது, எத்தனை மணிக்குத் திரும்புவது, யாரோடு போவது, போனில் சார்ஜ் இருக்குமா, பாட்டிக்கு மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது. இரண்டாவது பக்கத்தில் பேருந்து வருகிறது. 'விறுவிறுப்பு இல்லை, முதல் பக்கத்தை வெட்டிவிட்டு நேராகப் பயணத்தைத் தொடங்கு' என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் படித்த கதைகளில் பயணம் காட்டின் ஓரத்தில் தொடங்கியிருக்கும். இந்தப் பெண்களுக்கு வாசற்படியே காடு. அட்டுவானின் இருள்வழிகளைவிடச் சிக்கலான வழி, கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரைத் தடவித் தடவித்தான் வெளியே வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை யாரும் வெட்டச் சொன்னால் வெட்டாதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவோருக்கும் என் கோரிக்கை நேரடியானது. எர்த்ஸீயின் முதல் நாவலை மட்டும் பையன், பெண் எல்லாருக்குமான செவ்வியல் என்று கையில் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். கூடவே 'அட்டுவானை'யும் 'டெஹானு'வையும் கொடுங்கள். பையன்களுக்கும் கொடுங்கள், தட்டை எடுத்து வைக்கும் கெட்டை அவர்கள் கட்டாயம் சந்திக்க வேண்டும். ஓர் எழுத்தாளர் தான் கட்டிய உலகத்துக்குள் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, சமையலறைக் கதவைத் திறந்து, நாம் பார்க்காமல் விட்டவளை முன்னால் உட்காரவைத்தார். இலக்கியத்தில் அப்படி நடப்பது அரிது. அதைக் கெடுத்தல் என்று சொல்வதை அனுமதிக்கக் கூடாது.

மாணவிகளுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். லெ குவின் இவ்வளவு தூரம் வந்தார். டிராகன் பறந்துபோன இடத்தில் நிறுத்திக்கொண்டார். மிச்சம் நம் பக்கம் கிடக்கிறது. பாதி வெந்த முகத்தோடு, ஒரு கண்ணோடு, சுருங்கிய கையோடு ஒரு சிறுமி சேர்க்கைப் படிவத்தை நீட்டுகிறாள். அவள் டிராகனின் மகள் அல்ல. ஆடு மேய்ப்பவளின் மகள். படிவத்தில் அப்பா பெயர் கேட்டிருக்கிறது; அந்த இடத்தை அவள் காலியாக விட்டிருக்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார். அவள் நகரவில்லை.

இங்கிருந்து எழுதுங்கள்.